குற்றம் நடந்த மண்ணிலேயே நீதிமன்றம் அமர வேண்டும்

போர் ஓய்ந்த நாட்டில் பெருங்குற்றங்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் எந்த ஊரில் அமர வேண்டும் என்பதை, கட்டட வசதியும் பாதுகாப்பும் சார்ந்த ஏற்பாடாகவே பலர் பேசுகிறார்கள். தீர்ப்பாயம் யாருக்காக என்ற கேள்விக்கு விடை அந்த இடத்தேர்விலேயே பெருமளவு அடங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ருவாண்டாவில் 1994இல் ஏறத்தாழ நூறு நாட்களுக்குள் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் டுட்சி இனச் சிறுபான்மை மக்கள், கொல்லப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை தனது 955ஆம் தீர்மானத்தின் வழியே ஒரு தீர்ப்பாயத்தை அமைத்தது. அதைக் கேட்டதே உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சிக்கு வந்த ருவாண்டாவின் புதிய அரசுதான். ஆனால், அப்போது சபையில் உறுப்பினராக இருந்த அந்நாடு தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. மரண தண்டனை விதிக்க இடமில்லை என்பது முதன்மையான காரணங்களில் ஒன்று. விசாரணை தங்கள் மண்ணில் நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. இறுதியில் தான்சானியாவின் அருஷா நகரமே தேர்வானது. வென்ற தரப்பின் தலைநகரில் நடுநிலையான விசாரணை நடக்குமா என்ற ஐயம் நியாயமானதுதான். எனினும், உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் எல்லை கடந்து போய்ச் சாட்சி சொன்னார்கள். அவர்களின் ஊர்க்காரர்களுக்கோ அந்த வழக்குகள் தொலைவில் நடப்பவையாகவே இருந்தன.

அருஷாவின் சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. டாபா என்ற வட்டாரத்தின் நிர்வாகத் தலைவராக இருந்த ழான்-பால் அகயேசுவுக்கு எதிரான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவே இல்லை. சாட்சிக்கூண்டில் நின்ற பெண்கள் தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கியபோது நீதிபதிகள் மேற்கொண்டு கேட்டார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண், தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று, இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒருவரைத் தண்டனைக்குரியவராகக் கண்ட முதல் சர்வதேசத் தீர்ப்பு வெளியானது. வல்லுறவும் இனப்படுகொலையின் செயலாக அமையக்கூடும் என்று அது நிறுவியது. இந்த மாற்றத்துக்கு வித்திட்டது சட்ட நூல்கள் அல்ல, அந்தப் பெண்களின் வாக்குமூலம். பாதிக்கப்பட்டவர்கள் பேசவும் நீதிபதிகள் கேட்கவும் வாய்ப்பு அமையும்போதுதான் சட்டம் வளர்கிறது. ஆகவே அந்த வாய்ப்பை அவர்களுக்கு அருகில் கொண்டுசெல்வது கடமை என்கிறேன்.

அருஷாவின் பெருங்குறை வேறொன்று. போரில் வென்ற ருவாண்டா தேசபக்த முன்னணியைச் சேர்ந்தவர்கள் மீதும் கொலைக் குற்றச்சாட்டுகள் இருந்தன. அவர்களில் ஒருவர்மீதுகூட அத்தீர்ப்பாயம் வழக்குத் தொடரவில்லை. தொலைவில் அமர்ந்தால் நடுநிலை தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஓர் உண்மையே தகர்த்துவிடுகிறது.

சியரா லியோனில் நடந்ததை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். 2002இல் ஐ.நா.வும் அந்நாட்டு அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி உருவான சிறப்பு நீதிமன்றம், உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்து, தலைநகர் ஃப்ரீடவுனிலேயே அமர்ந்தது. கிளர்ச்சித் தலைவர்கள் மட்டுமல்ல, அரசின் பக்கம் நின்று போரிட்ட படையை வழிநடத்திய சாம் ஹிங்கா நார்மனும் குற்றம் சாட்டப்பட்டார். 2003 மார்ச்சில் கைதானபோது அவர் உள்துறை அமைச்சர். அவரை மீட்பராகக் கருதிய மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தின் நடுவே, நீதிமன்ற ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று வழக்குகளை விளக்கினார்கள். கிளர்ச்சியாளர்களுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட அண்டை நாடான லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லரின் விசாரணையை மட்டும், கலவரம் மூளலாம் என்ற அச்சத்தால் நெதர்லாந்தின் தி ஹேக் நகருக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2012இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய விதிவிலக்குகள் தேவைப்படும் என்பதை ஏற்கிறேன். விதிவிலக்கே விதியாகிவிடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

உள்ளூரில் அமர்வதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதும் பிழை. கம்போடியாவில் பெருந்திரளான மக்களைப் பலிகொண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி 1979இல் வீழ்ந்தது. அதன் தலைவர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் 2006இல்தான் பணியைத் தொடங்கியது. அந்த ஆட்சியின் முதன்மைத் தலைவர் பொல் பொட் 1998இலேயே இறந்துவிட்டார். மாகாணங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து விசாரணையை நேரில் கண்டார்கள், பாதிக்கப்பட்டவர்கள் வழக்கில் தரப்பினராகவே சேர்க்கப்பட்டார்கள். இவை அரிய பேறுகள். ஆனால் தண்டனை பெற்றவர்கள் மூவர் மட்டுமே. மேலும் சிலர்மீது வழக்கு நடத்துவதைப் பிரதமர் ஹுன் சென் வெளிப்படையாக எதிர்த்தார். உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் இரு அணிகளாகப் பிரிய, அந்த வழக்குகள் விசாரணை மன்றத்தை எட்டாமலே முடிந்தன. இப்படி இருவகை நீதிபதிகளும் சேர்ந்து அமரும் கலப்பு நீதிமன்றம் ஒன்றை அமைக்கும்போது, யார்மீது வழக்குத் தொடர்வது என்ற முடிவில் ஆளும் அரசுக்குத் தடுக்கும் வாய்ப்பே இருக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னர் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால், திருத்த யாரும் வர மாட்டார்கள்.

இன்று என் கவனம் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் மீது இருக்கிறது. 2015இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் தலைநகர் பாங்கியில், இருவகை நீதிபதிகளோடும் அமர்கிறது. 2019 மே மாதம் கிராமங்களில் நடந்த படுகொலைகளுக்காக, ஆயுதக்குழுவைச் சேர்ந்த மூவரைத் தண்டித்து 2022 அக்டோபரில் தன் முதல் தீர்ப்பை வழங்கியது. குற்றத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே மூன்றரை ஆண்டுகள்கூட இல்லை. கம்போடிய மக்கள் காத்திருந்த காலத்தை எண்ணினால் இதன் அருமை புரியும். ஆனால் அந்த நீதிமன்றம் பிற நாடுகள் விரும்பி அளிக்கும் நன்கொடையை நம்பியே நடக்கிறது. சாட்சிகளைப் பாதுகாக்கும் செலவை அடுத்த ஆண்டு யார் தருவார் என்று தெரியாத நிலையில், ஆயுதக்குழு இன்னும் நடமாடும் ஊரிலிருந்து ஒருவரைச் சாட்சி சொல்ல அழைப்பது எவ்வகையில் நியாயம்? நீதிக்காகப் பாதுகாப்புச் சபையில் கையுயர்த்தும் நாடுகள், நன்கொடைக்குப் பதிலாக, இத்தகைய நீதிமன்றங்களின் பல ஆண்டுச் செலவை முன்கூட்டியே கட்டாயப் பங்களிப்பாக ஏற்க வேண்டும்.