தடை இல்லை என்றார்கள்

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மா 2021 பெப்ரவரி கடைசியில் கோவிஷீல்ட் (அஸ்ட்ராசெனெக்கா நிறுவனத்தின் கொரோனாத் தடுப்பூசி, இந்தியத் தயாரிப்பு) முதல் ஊசி போட்டுக்கொண்டார். பன்னிரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார்கள். அட்டையைப் பொலித்தீன் பையில் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். மே வந்தது, மருந்து வரவில்லை. இலங்கையில் அவரைப் போல் சுமார் 6 இலட்சம் பேர்.

அந்த ஜனவரி 28ஆம் திகதி இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 இலட்சம் டோஸ் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கியபோது ஜனாதிபதியே போய் வாங்கினார். கமரா, பதாகை எல்லாம் இருந்தன. மருந்து வருவது நின்றபோது சத்தமே இல்லை. மார்ச்சில் ஏற்றுமதி சுருங்கியது, ஏப்ரலில் கிட்டத்தட்ட நின்றே விட்டது. ஆனால் டெல்லியைக் கேட்டால் "தடை எதுவும் இல்லை" என்பதுதான் பதில். நேபாளம் 20 இலட்சம் டோஸுக்குக் காசு கட்டிவிட்டுப் பாதியோடு காத்திருந்தது.

இந்தியா நிறுத்தியது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளில் 4 இலட்சம் பேருக்கு மேல் தொற்று என்று கணக்கு வந்த நாட்டிடம் "எங்கள் பங்கு எங்கே" என்று எந்த முகத்தோடு கேட்பது? என் கோபம் வேறு. மார்ச்சிலேயே "இனி இல்லை" என்று ஒரு வரி எழுதித் தந்திருந்தால், கையில் இருந்ததில் பாதியை இங்கே இரண்டாவது ஊசிக்கு ஒதுக்கியிருக்கலாம். சரி, அடுத்த கப்பல் வரும் என்று நம்பி முதல் ஊசியாகவே பெரும்பாலானதைப் போட்டுத் தீர்த்ததில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டுதான்.

வாயைத் திறக்காதது இந்தியா மட்டுமல்ல. புனேயில் கோவிஷீல்டைத் தயாரித்த சீரம் நிறுவனத்தின் அதார் பூனாவாலா ஏப்ரல் 16 அன்று அமெரிக்க ஜனாதிபதியை டுவிட்டரில் விளித்து, மூலப்பொருள் ஏற்றுமதித் தடையை எடுங்கள் என்று கெஞ்சினார். பெரிய இரசாயன இரகசியம் எதுவும் இல்லை, செல் வளர்க்கும் பிளாஸ்டிக் பைகளும் வடிகட்டிகளும்தான். வொஷிங்டன் என்ன சொன்னது? தடை இல்லையாம். உள்நாட்டுக் கட்டளைகளுக்கு முதலிடம் தரும் சட்டம் ஒன்றுதான் இருக்கிறதாம். வரிசையில் முதல் ஆள் கடையையே வாங்கிக்கொண்டு போனால் கடைசி ஆளுக்குக் கதவு பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன?

பிரித்தானியாவும் அப்படித்தான். ஐரோப்பிய சபைத் தலைவர் சார்ல்ஸ் மிஷேல் மார்ச்சில் "அவர்கள் தடை போட்டிருக்கிறார்கள்" என்று எழுதியதும் லண்டன் கொதித்தது. தடை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆறு கிழமைக்குள் ஐரோப்பாவிலிருந்து ஒரு கோடி டோஸ் பிரித்தானியாவுக்குப் போயிருக்கிறது, அங்கிருந்து இங்கால் ஒன்றும் வரவில்லை என்று அதே மாதம் ஐரோப்பிய ஆணையத் தலைவி ஃபொன் டெர் லெயன் கணக்குச் சொன்னார். தடை போடத் தேவையே இல்லாதபடி மருந்து நிறுவனத்தோடு ஒப்பந்தத்தை எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதிகம் ஏச்சு வாங்கியது ஐரோப்பிய ஒன்றியம். அஸ்ட்ராசெனெக்கா சொன்ன அளவு தராததால், ஜனவரி கடைசியில் ஏற்றுமதிக்கு அனுமதி பெற வேண்டும் என்று விதி போட்டார்கள். மார்ச் 4 அன்று இத்தாலி, அவுஸ்திரேலியாவுக்குப் போகவிருந்த இரண்டரை இலட்சம் டோஸை மறித்தது தெரிந்தது. அதே மாதம் அனாக்னி என்ற ஊரில் ஒரு ஆலைக்குள் பொலிஸ் போய்ப் பார்த்தால் 2 கோடியே 90 இலட்சம் டோஸ் குளிரில் இருந்தது. ஒளித்து வைத்ததென்று பத்திரிகைகள் பாய்ந்தன. அதில் 1 கோடியே 30 இலட்சம் ஏழை நாடுகளுக்கான கோவாக்ஸ் திட்டத்துக்குரியது என்றது நிறுவனம். நாடகம்தான், மறுக்கவில்லை. ஆனால் மறித்தோம், இந்தக் காரணத்துக்காக மறித்தோம் என்று எழுத்தில் இருந்தது. அவுஸ்திரேலியா அடுத்த நாளே வேறு வழி யோசிக்கலாம். பெரியம்மாவுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

இந்தியா திரும்ப அனுப்பத் தொடங்கியது ஒக்டோபரில். அதற்குள் ஜூலை 31 அன்று ஜப்பானிலிருந்து கோவாக்ஸ் வழியாக அஸ்ட்ராசெனெக்கா வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் பெரியம்மா அட்டையை எடுத்துக்கொண்டு போனார். எந்த நாட்டு மருந்து என்று தாதியிடம் கேட்டிருக்கிறார். ஜப்பான் என்றதும், "அங்க அவையள் இத போடேல்லையோ?" என்றாராம். அதுவரை ஜப்பான் தன் மக்களுக்கு அதைப் போடத் தொடங்கவில்லை. தாதிக்கு அது தெரிந்திருந்ததோ என்னவோ, "கையை மடியுங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னாவாம்.