சிங்காரம் ஒளிஞ்சுக்கலை, நாமதான் போய்ப் பாக்கலை

ஞாயித்துக்கிழமை கூட்டத்தைப் பத்தி எல்லாரும் எழுதி முடிச்சாச்சு, நான் கொஞ்சம் லேட். வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். நாவலாசிரியர் ப.சிங்காரம் பத்தி ஒரு மணி நேரம். அதுல அவரோட நாவல் 'புயலிலே ஒரு தோணி' வந்தது பத்து நிமிஷம் இருந்தா அதிகம். மிச்சம் பூரா அவர் ரூமுதான். ராத்திரி எழுதுவாரா விடிகாலைல எழுதுவாரா, எந்த மெஸ்ல சாப்பாடு, ஏன் மறுபடி கல்யாணம் பண்ணிக்கலை, "யாராவது இருந்தாங்களா". கடைசிக் கேள்விக்கு சபையே சிரிச்சுது பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. இந்தோனேசியாவுல இருக்குற மேடான்ல பிரசவத்துல பொண்டாட்டியையும் பிள்ளையையும் பறிகொடுத்துட்டு வந்த மனுஷன் சார் அவரு.

"தலைமறைவாக வாழ்ந்த நாவலாசிரியர்"னு போஸ்டர்லயே போட்டிருந்தாங்க. என்ன தலைமறைவு? 1947லேருந்து 1987 வரைக்கும் 40 வருஷம் மதுரை தினத்தந்தில வேலை பாத்தவரு. தங்குனது அங்க இருக்குற ஒய்.எம்.சி.ஏ. விடுதில, அதுவும் கிட்டத்தட்ட 50 வருஷம். பத்திரிகை ஆபீஸ் வாசல்ல நின்னு கேட்டா யாராவது கை காட்டிருப்பாங்க. இது தலைமறைவுன்னா நம்ம தெரு போஸ்ட்மேனும் தலைமறைவுதான். அவரு ஒளிஞ்சுக்கலைங்க, நாமதான் போய்ப் பாக்கலை.

இதுல ஊர் கண்ணுல படாம வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரோட கம்பேரிசன் வேற! சாலிஞ்சருக்கு 1951ல நாவல் வந்து ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுச்சு, அந்தக் கூச்சல் ஆகாம 1953ல கார்னிஷ்ங்கிற சின்ன ஊருக்குப் போனாரு, 1965க்கு அப்புறம் எதையும் வெளியிடவே இல்லை. சரி, அவருக்கு ஓடுறதுக்குப் புகழ்னு ஒண்ணு இருந்துச்சு. சிங்காரத்துக்கு என்ன இருந்துச்சு? 1950ல எழுதுன 'கடலுக்கு அப்பால்' 1959லதான் வந்துச்சு. 1962ல எழுதுன 'புயலிலே ஒரு தோணி' 1972ல. பத்து வருஷம் போட ஆளில்லாம கிடந்துச்சு. அதுக்கப்புறம் அவரு நாவலே எழுதலை. "ஏன் ரெண்டோட நிறுத்திட்டார், என்ன மர்மம்?"னு கேக்குறாங்க. மர்மமாம்ல, மர்மம்.

வாழ்க்கை தெரிஞ்சாதானே நாவல் புரியும்னு சிலர் வருவீங்க. நியாயம்தான், இதை ஒத்துக்குறேன். அப்ப அதைக் கேளுங்கய்யா. சிங்கம்புணரிக்காரப் பையன் 1938ல, 18 வயசுல, மேடானுக்குக் கடை வேலைக்குக் கப்பலேறுனான்ல, அந்த வட்டிக்கடைல என்ன பாத்தான், ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் உள்ள வந்தப்ப என்ன ஆச்சு, அதெல்லாம் 'புயலிலே ஒரு தோணி' நாயகன் பாண்டியனுக்குள்ள எப்படி இறங்குச்சு, கேளுங்க, விடிய விடிய பேசலாம். மெஸ்ல இட்லி சாப்பிட்டாரா தோசை சாப்பிட்டாரான்னு தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?

"ரசிகனுக்கு ஆர்வம் இருக்கக் கூடாதா?" இருக்கலாம். அடுத்து.

"நீ மட்டும் யோக்கியமா?" இல்லை. 1994லேருந்து மூணு வருஷம் மதுரைல காலேஜ் படிச்சேன். அந்த ஒய்.எம்.சி.ஏ.வைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போவோம், கையில எப்பவும் ஏதாவது வெளிநாட்டு நாவலோட மொழிபெயர்ப்பு, தமிழ்ல யாருமே எழுதலைன்னு வாய் கிழியப் பேச்சு. அந்தாளு அப்ப உள்ளதான் இருந்திருக்காரு. 1997 டிசம்பர் 30 இறந்துட்டாரு. நான் நாவலைப் படிச்சது அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு. படிச்சு முடிச்சுட்டு பின்னட்டையைப் பாத்தேன், அதுல மதுரைன்னு ஊரைப் பாத்தேன், அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலை.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு நினைச்சா விட்டுருங்க. நானும் 11 வருஷமா தனியாத்தான் இருக்கேன். ஹவுஸ் ஓனர்லேருந்து தண்ணி கேன் போடுற தம்பி வரைக்கும் "ஏன் சார் தனியா?"ன்னு கேட்டாச்சு. "சாப்டீங்களா சார்"னு கேட்டவங்களை விரல் விட்டு எண்ணிரலாம். போன வருஷம் காய்ச்சல்ல அஞ்சு நாள் கிடந்தேன், ஆறாம் நாள் கதவைத் தட்டுனவரு வாடகை கேட்டாரு. அதனால ஒரு மனுஷன் தனியா இருந்ததை கதையாக்கி மேடைல ருசிச்சுப் பேசுனா எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் எரியும், மன்னிச்சுக்கங்க.

சிங்காரம் தான் சேத்த காசையெல்லாம் ஏழைப் பிள்ளைங்க படிப்புக்குக் குடுத்துட்டுப் போனாரு. ஒரு மணி நேரத்துல அதை ஒருத்தர் சொல்லணுமே!

கூட்டத்துல கேள்வி கேட்ட தம்பி நேத்து இன்பாக்ஸ்ல வந்தாப்ல, "அண்ணே, அவரு ரூம் நம்பர் தெரியுமாண்ணே, போய் ஒரு போட்டோ எடுக்கணும்"னு. புக் வாங்கிட்டியாப்பான்னு கேட்டேன். ப்ளூ டிக் விழுந்து 14 மணி நேரமாச்சு.