சூரியன் ஒரு நட்சத்திரத்தின் மிச்சமா?

"ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்தது, அதன் மிச்சத்தில் நம் சூரியன் பிறந்தது" என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூரியனின் கதையில் பெரும்பகுதியை இந்த ஒற்றை வரி விழுங்கிவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

சூரியனின் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன். அதை எந்த நட்சத்திரமும் உண்டாக்கவில்லை. நட்சத்திரங்களுக்கு ஹைட்ரஜனைச் செலவழிக்கத்தான் தெரியும். அது 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பின் சரக்கு. மீதியில் பெரும்பகுதியான ஹீலியமும் பெரும்பாலும் அப்போதே, முதல் சில நிமிடங்களிலேயே உருவானது. கார்பன், ஆக்சிஜன், இரும்பு என்று நட்சத்திரங்கள் ஆக்கித் தந்ததை எல்லாம் கூட்டினாலும் 2 சதவீதம் தேறாது. அந்தக் கொஞ்சமும் ஒருவர் கொடுத்ததல்ல. பல தலைமுறை நட்சத்திரங்கள், சில வெடித்தும் சில மெல்ல வாயுவை உதிர்த்தும், பால்வீதியில் சேர்த்து வைத்தது.

நட்சத்திரங்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று வானியலாளர் செசிலியா பெய்ன் 1925-லேயே தன் ஆய்வேட்டில் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். வானியலில் பெரும் செல்வாக்குள்ள ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதை ஏற்கவில்லை. அதனால், தான் கண்டது மெய்யாக இருக்காது என்று பெய்ன் தன் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று. 1929-ல் ரஸ்ஸலும் அதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தார். சூரியனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் கடந்து போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்படியானால் வெடித்ததாகச் சொல்லப்படும் அந்த நட்சத்திரத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. 1969-ல் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லை அறுத்துப் பார்த்தால், கறுத்த கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். இத்தகைய திட்டுகள்தான் சூரியக் குடும்பத்தில் உருவான திடப்பொருள்களிலேயே நாம் வயது கணித்தவற்றில் மூத்தவை: சுமார் 456.7 கோடி ஆண்டுகள். அவற்றில் எந்தக் கனிமத்தில் அலுமினியம் கூடுதலோ, அதில் மெக்னீசியம்-26 என்ற மெக்னீசிய வகையும் அதற்கேற்பக் கூடுதல். அலுமினியம்-26 என்ற கதிரியக்க அலுமினியம் அங்கேயே இருந்து மெக்னீசியம்-26 ஆகச் சிதைந்ததற்கான தடயம் இது. அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், ஏழு லட்சம் ஆண்டுகள் சொச்சம்தான். ஆக, பழைய இருப்பாக இருந்திருக்க முடியாது. சூரியன் உருவான காலத்தை ஒட்டி ஏதோ ஒரு பெருநட்சத்திரம் புதிதாகத் தந்திருக்க வேண்டும். வெடித்துச் சிதறித் தந்ததா, வெடிக்கும் முன்பே காற்றாக வீசித் தந்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை.

எப்படித் தந்திருந்தாலும் அது ஒரு சிட்டிகை. சூரியனாகத் திரண்ட வாயு ஏறத்தாழ முழுவதும், மைனஸ் 260 டிகிரி குளிரில் கிடந்த ஒரு மேகத்தில் ஏற்கெனவே இருந்தது. தன் ஈர்ப்பிலேயே சுருங்கிச் சூடேறியது அந்த மேகம்தான். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் வெடிப்பை ஒரு வரியில் முடித்துக்கொண்டு, அந்த மேகத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்க வேண்டும்.