மாத்திரையை இரண்டு மாதத்தில் நிறுத்தாதீர்கள்

பெண்களின் முகத்தில் முடி வளர்வது பற்றிய ஒரு கட்டுரை, த்ரெடிங் செய்தால் தாடை முடி தடிக்கும் என்கிறது. அது சரியல்ல. தடிக்க வைப்பது ஆண்ட்ரோஜன், அதாவது டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்கள். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் இன்சுலின் கூடும்போது சினைப்பை டெஸ்டோஸ்டிரோனை அதிகம் சுரக்கிறது. அதைப் பிடித்துவைக்கும் எஸ்ஹெச்பிஜி புரதமோ கல்லீரலில் குறைந்துவிடுகிறது. அதனால் பிடிபடாமல் ரத்தத்தில் சுற்றும் டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது; மொத்த டெஸ்டோஸ்டிரோன் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தாலும் மேலுதட்டுப் பூனைமுடி கறுத்துத் தடிக்கலாம்.

ஏற்கெனவே தடித்த முடி உடனே உதிராது. ஆண்ட்ரோஜனைக் கட்டுப்படுத்தும் மாத்திரையின் பலன் தெரிய குறைந்தது 6 மாதம் ஆகும். பலர் இரண்டே மாதத்தில் விட்டுவிடுவதுதான் வேதனை. அப்படியொரு மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும்போது கருத்தடை கட்டாயம், ஏனென்றால் அது ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கும். லேசர் கறுத்த முடியில்தான் வேலை செய்யும். சில மாதங்களிலேயே முடி மளமளவென்று வளர்ந்து குரலும் கட்டையானால், சினைப்பையிலோ சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று டாக்டரிடம் உடனே பார்க்கச் சொல்லுங்கள்.