எட்டயபுரம் மணிமண்டபம் பாரதி பிறந்த வீடு இல்லை

‘பாரதி பிறந்த வீட்டைத்தான் அரசு இடித்து மணிமண்டபமாகக் கட்டியது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1882 டிசம்பர் 11-இல் அவர் பிறந்த வீடு எட்டயபுரத்தில் தனியாக இருக்கிறது. அதை நினைவு இல்லமாக அரசு பராமரிக்கிறது.

மணிமண்டபத்தின் கதையே வேறு. எழுத்தாளர் கல்கி முன்னின்று திரட்டிய பொதுமக்கள் நன்கொடையில் எழுந்தது அது. 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில், மேற்கு வங்க ஆளுநராக இருந்த அவரே வந்து திறந்து வைத்தார். ஊர் ஊராக மக்கள் கொடுத்த காசை அரசுக் கணக்கில் எழுதுவது பெரிய அநியாயம்.

அப்புறம், ‘அது எப்போதுமே தூத்துக்குடி மாவட்டம்’ என்கிறார்கள். 1986 வரை எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. போகிறவர்கள் இரண்டு இடங்களையும் பாருங்கள்.