'ஸ்லீப் லேட்' என்றால் எத்தனை மணிக்கு?

"ஐ ஸ்லெப்ட் லேட் யெஸ்டர்டே" என்று நம்மூர்க்காரர் சொன்னால், ராத்திரி 1 மணி வரை முழித்திருந்தார் என்று அர்த்தம். அதையே ஓர் அமெரிக்கர் சொன்னால், காலை 10 மணி வரை போர்வைக்குள் கிடந்தார் என்று அர்த்தம். ஒருத்தருக்குத் தூக்கம் போதவில்லை, இன்னொருத்தர் ஆசை தீரத் தூங்கி எழுந்திருக்கிறார். வாக்கியம் ஒன்றேதான்.

இதை வைத்து 'இந்தியர்கள் செய்யும் தவறு' என்று சிவப்புப் பெருக்கல் குறி போட்டு ரீல்ஸ் விடுகிறார்கள். காரணத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. காரணம் தெரிந்துவிட்டால் அதைத் தவறு என்று சொல்ல வாய் வராது.

"நேத்து 12 மணிக்குத்தான் தூங்கினேன்" என்கிறோம். இந்த 12 மணி, தூக்கம் தொடங்கிய நேரம். முடிந்த நேரத்தைச் சொல்ல வேண்டுமானால் 'வரைக்கும்' போட்டே ஆக வேண்டும்: "10 மணி வரைக்கும் தூங்கினேன்." ஆங்கில 'ஸ்லீப்' இப்படி வேலை செய்யாது. அது நீண்டு கிடக்கிற நிலையைச் சொல்லும் வினை. தொடங்கும் கணத்துக்கு அவர்கள் 'கோ டு பெட்', 'கோ டு ஸ்லீப்', 'ஃபால் அஸ்லீப்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஆகவே 'ஸ்லீப்' பக்கத்தில் 'லேட்' வந்தால் அது தூக்கத்தின் கடைசி முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். 'வொர்க் லேட்' என்பதைப் பாருங்கள். ராத்திரி 9 மணி வரை ஆபீஸில் உட்கார்ந்திருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம், வேலைக்குத் தாமதமாக வருவதை அல்ல. 'ஸ்டே லேட்' என்பதும் அதே கணக்கு. அந்த இரண்டையும் நாம் சரியாகவே எடுத்துக்கொண்டோம். 'ஸ்லீப் லேட்' மட்டும் நம் 'தூங்கு' போட்ட தடத்தில் போய்விட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அன்றாட ஆங்கிலத்தில் நம்மைப் போலத்தான் பேசுகிறார்கள். இத்தனை பேர் ஒரே மாதிரி பேசுவதை வட்டார வழக்கு என்று சொல்வதுதான் முறை.

ஆனால் வழக்கு என்று ஒப்புக்கொண்டாலும், எல்லை தாண்டும்போது சொல்லை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். இது பெரிதாகக் காலை வாருகிற இடம் டாக்டர் அறை. அமெரிக்காவில் தூக்கம் வராமல் தவிக்கிறவர் "ஐ ஸ்லீப் லேட்" என்றால், எதிரே இருப்பவர் 'காலையில் நன்றாகத் தூங்குகிறார் போல' என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. தூக்கம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்க 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தர வினாப்பட்டியல் இந்தச் சிக்கலுக்கு இடமே வைக்கவில்லை. எத்தனை மணிக்குப் படுக்கப் போகிறீர்கள், தூக்கம் வர எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், உண்மையில் தூங்கியது எத்தனை மணி நேரம் என்று நாலு கேள்வியாகப் பிரித்துவிடுகிறது. நாமும் அந்த வரிசையிலேயே நேரத்தைச் சொல்லிவிட்டால் 'லேட்' என்ற சொல்லே தேவைப்படாது.

இங்கிலாந்தில் வேறு சொல். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே எழாமல் கிடப்பது 'லை இன்'. பெயர்ச்சொல்லாக 'ஹேட் அ லை இன்' என்று சொல்லிவிடுங்கள். வினையாக்கினால் இறந்தகாலம் 'லே இன்' என்று மாறும், அதில் தடுக்கி விழாதவர் குறைவு. 'லை டவுன்' வேறு விஷயம். அது மத்தியானம் கொஞ்சம் தலை சாய்ப்பது. அமெரிக்காவில் 'லை இன்' அவ்வளவாகப் புழங்காது, அங்கே விடுமுறைச் சுகத்துக்கு 'ஸ்லீப் இன்'. ஆஸ்திரேலியர்கள் அதையே பெயர்ச்சொல்லாக்கி 'ஹேவ் அ ஸ்லீப் இன்' என்பார்கள்.

ஸ்காட்லாந்து போனால் கதை தலைகீழ். அங்கே 'ஐ ஸ்லெப்ட் இன்' என்பது பெரும்பாலும் சுகம் அல்ல, குற்ற ஒப்புதல்: அலாரம் அடித்தும் எழாமல் வேலைக்குத் தாமதமாகிவிட்டது. வட அயர்லாந்திலும் இப்படிக் கேட்கலாம். வேண்டுமென்றே கிடப்பதற்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் சொல் 'லாங் லை'. அழகான சொல்தான், ஆனால் இங்கேயிருந்து அங்கே வேலைக்குப் போகும் நர்ஸுகள் கவனிக்க வேண்டும். முதியோர் மருத்துவத்தில் 'லாங் லை' என்றால், கீழே விழுந்த முதியவர் எழ முடியாமல் 1 மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தது. தசை நசுங்கிச் சிதைவது, உடல் குளிர்ந்துபோவது, நீர் வற்றுவது, இவற்றையெல்லாம் உடனே பார்த்தாக வேண்டும். சக ஊழியர் டீ நேரத்தில் சொல்வதும் நோயாளியின் குறிப்பில் எழுதியிருப்பதும் ஒரே இரண்டு சொற்கள்தான்.

பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பிரிட்டனில் வேலை விளம்பரத்தில் 'ஸ்லீப் இன் ஷிஃப்ட்' என்று கண்டால் வாரக்கடைசித் தூக்கம் என்று நினைக்க வேண்டாம். ராத்திரி பணியிடத்திலேயே படுத்திருந்து, கூப்பிட்டால் எழுந்து கவனிக்க வேண்டிய முறை அது. குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் விழித்து வேலை செய்த நேரம் மட்டுமே சேரும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் அந்த இரவுக்கு எவ்வளவு, கூப்பிட்டால் மணிக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய ஆவணங்களில் 'லையிங் இன்' என்று கண்டாலும் ஞாயிற்றுக்கிழமைச் சோம்பல் என்று படித்துவிடாதீர்கள். அது பிரசவப் படுக்கை. 1844இல் தொடங்கிய நம் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியின் பழைய பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது.

கடைசியாக 'அப் லேட்'. 'ஐ வாஸ் அப் லேட்' என்றால் ராத்திரி வெகுநேரம் முழித்திருந்தேன். 'ஐ காட் அப் லேட்' என்றால் காலையில் எழ நேரமாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு வினைதான் மாறுகிறது. மேனேஜருக்கு அவசரமாக மெசேஜ் போட வேண்டியிருந்தால் 'ஓவர்ஸ்லெப்ட்' என்று தட்டுங்கள், கிளாஸ்கோவிலும் சிகாகோவிலும் சிட்னியிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். திட்டும் ஒன்றுதான்.