கொடியும் சிதையில் எரியுமா?

“வீரரின் உடலோடு தேசியக் கொடியையும் எரிப்பார்கள், புதைப்பார்கள், அதுதான் உச்ச மரியாதை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்று 2002 இந்தியக் கொடி விதித்தொகுப்பு தெளிவாகத் தடுக்கிறது. சவப்பெட்டியின் மேலிருந்து முன்னதாகவே அதை எடுத்துவிடுவார்கள். மடித்த கொடியைக் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது வழக்கம். படத்தில் பெட்டிமேல் கொடியைப் பார்த்தவர்கள், அடுத்து நடப்பதைப் பார்ப்பதில்லை.

மடிப்பதற்கும் முறை உண்டு: காவி, பச்சைப் பட்டைகளை வெள்ளைக்கு அடியில் மடக்க வேண்டும். பிறகு இரு பக்கமும் வெள்ளையை உள்ளே மடித்தால் மேலே அசோகச் சக்கரமும், காவி, பச்சையின் ஓரமும் மட்டும் தெரியும்.

போர்த்தும்போது காவி தலைப்பக்கம் இருக்க வேண்டும். பெட்டி நீளமானது என்று கொடியையும் நீளவாக்கில் விரித்தால் காவி தோள்பக்கம் ஒதுங்கிவிடும். பட்டைகள் குறுக்காக வர வேண்டும் என்பதால் 1800×1200 மி.மீ. கொடி பெட்டியின் நீளத்தில் 1200 மி.மீ. மட்டுமே மூடும், 2700×1800 எடுத்தால் ஆறடிக்குச் சற்றுக் குறைவாக மூடும்.

அரசு, ராணுவ, மத்தியத் துணை ராணுவ இறுதிச் சடங்குகள் தவிர வேறு யாருக்கும், எவ்வளவு பெரிய மனிதரானாலும், தேசியக் கொடி போர்த்தக் கூடாது.